கரி வியாபாரி மகனும் நம் ஊர்ச் சுவரும்

போனை எடுக்காத என் சின்ன மகனுக்கு,

நீ எடுக்கவில்லை என்பதால்தான் எழுதுகிறேன். எடுத்தாலும் என்ன ஆகப்போகிறது? "சாப்பிட்டியா?" என்பேன். "சாப்பிட்டேம்மா, அங்கன மழை பெஞ்சுச்சா?" என்பாய். "தூறுச்சு" என்பேன். பேச வேண்டியது அதற்குள் எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்ளும். ஓய்வு பெறும்வரை அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் 'அ' எழுதப் பழக்கியவள் நான். எனக்கு எழுத வரும். இதை ரகசியமாகவும் எழுதவில்லை. முடித்ததும் உன் அண்ணன் பாண்டியிடம் கொடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போடச் சொல்லப் போகிறேன். உனக்குத் தலைகுனிவு நேர்ந்தது ஊர் முன்னால். அப்படியிருக்க நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ஏன் பேச வேண்டும்? வெளியூர்க்காரர்கள் படித்தாலும் விளங்கட்டும் என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டு போகிறேன். தெரிந்த கதைதானே என்று பாதியில் மூடிவைத்துவிடாதே. உனக்குத் தெரியாத ஒன்று கடைசியில் இருக்கிறது.

இருநூறு வருஷத்துக்கு முந்தி இத்தாலியில் வாழ்ந்த அந்த ஓவியரை நம் திராட்சைப் பந்தலுக்குள் கூட்டிவந்தவனே நீதான். ஓவியக் கல்லூரி லீவில் வந்திருந்தாய். நாங்கள் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தோம். நீயும் ஒரு கத்தரியைக் கையில் வைத்திருந்தாய் என்றுதான் பேர். வெட்டியதைவிடப் பேசியது அதிகம். அவர் பேர் எனக்கு இன்றைக்கு வரைக்கும் வாயில் நுழையவில்லை. பாண்டி வைத்த பட்டப்பேர்தான் வீட்டில் நிலைத்தது: கரிக்காரர். ஏனென்றால் அவருடைய அப்பா ரோமாபுரியில் கரி விற்றவர். அப்பா சீக்கிரமே போய்விட, மூத்த அண்ணன்தான் தம்பியை வளர்த்தாராம். பழைய படங்களைச் சரிபண்ணுகிற தொழில் அவருக்கு. தம்பி கையில் சரக்கு இருக்கிறது என்று கண்டுகொண்டு, "நீ வேறெதையும் பார்க்காதே, வரை" என்று விட்டுவிட்டாராம். தம்பிக்காரர் என்ன செய்தார்? கோயில் கோயிலாகப் போய், தனக்கு முந்தின பெரியவர்கள் வரைந்துவைத்ததைப் பார்த்துப் பார்த்து வரைந்தே வருஷக்கணக்கில் கையைப் பழக்கினார். சொந்தமாக ஒன்றும் வரையாமல் இத்தனை காலமா என்று நான் கேட்டதற்கு, "கொடி பந்தல்ல ஏறுறதுக்கு முந்தி காய்க்குமாம்மா?" என்று மடக்கினாய். எனக்கு அது பிடித்துப்போனது.

பாண்டி அன்றைக்கு ஸ்டூல் மேல் நின்று வெட்டிக்கொண்டிருந்தான். "அப்ப நம்ம வீட்டுல நாந்தான் அந்த அண்ணனா?" என்று மேலேயிருந்து கேட்டான். நீ ஆமாம் என்றாய். "அந்த அண்ணன் பேரு படத்துல எந்த மூலையிலயாச்சும் இருக்கா?" என்றான். "இல்லண்ணே." "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளைக்கு நகர்ந்தான். எல்லோரும் சிரித்தோம். உன் அப்பா தவறிப்போன வருஷம் தேனியில் படித்துக்கொண்டிருந்த பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு வந்து இந்தப் பந்தலைத் தாங்கியவன் அவன். ஒருநாளாவது அதைச் சொல்லிக்காட்டியிருக்கிறானா? நான் சொல்லிக்காட்டுகிறேன். தாய்க்கு அந்த உரிமை உண்டு.

கரிக்காரரைப் பெரிய ஆளாக்கிய படத்தையும் நீ அன்றைக்குத்தான் உன் போனில் காட்டினாய். ரோமாபுரியை ஆண்ட ஒருவனைச் சபைக்குள்ளேயே வளைத்து நின்று கூட இருந்தவர்களே கத்தியால் குத்துகிறார்கள். நான் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏலே, இத்தன பேரு குத்துறாக, ஒருத்தன் வேட்டிகூட அவுரலையே?" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அதுதான் அந்தக் காலத்து ஓவியர்கள் பாணி என்று சொல்லி ஒரு இங்கிலீஷ் பேரும் சொன்னாய். கிரேக்க, ரோமானியச் சிலைகளைப் போல மனிதரை நிறுத்துவது, கூட்டத்திலும் ஒழுங்கு, கொலையிலும் ஒரு நிதானம். "கோவத்தையும் நேரா நிக்க வச்சுப் பாக்குறவுகம்மா அவுக" என்றாய். எனக்கு அந்தப் படத்தில் இன்னொன்றும் பட்டது. ஏறக்குறைய எல்லாக் கண்ணும் எல்லாக் கையும் குத்துப்படுகிற அந்த ஒருத்தன் பக்கமாகவே போகிறது. அவன் பக்கமிருந்து நம் கண்ணை எடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். இப்போது நாம் பார்க்கிற படம் அவர் முதலில் வரைந்தது இல்லை என்றாய். முதலில் ஒன்று வரைந்து பார்வைக்கு வைத்திருக்கிறார். பார்த்தவர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள், நிறம் சரியாக வரவில்லை என்று. பெரிய பெரிய மனிதர்கள். ஆள் உயர உருவங்கள், வருஷக்கணக்கான வேலை. அதை அவர் தன் கையாலேயே இல்லாமல் ஆக்கிவிட்டு, மறுபடி வெறும் துணியில் முதல் கோட்டிலிருந்து ஆரம்பித்தாராம். இதைச் சொல்லும்போது உன் கண்ணைப் பார்க்க வேண்டுமே! ஏதோ நீயே செய்துவிட்டதைப் போல இருந்தாய். நான் அன்றைக்கே உள்ளுக்குள் நினைத்தேன், ஐயா, சொல்லுவது சுலபம்.

பிறகு படித்து முடித்து ஊருக்கு வந்தாய். சங்கத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் எதிரே பெரிய சுவர். நம் ஊர் விவசாயிகள் சங்கத் தலைவர் தானாகவே வீடு தேடி வந்து, "டீச்சரம்மா, சின்னவன வச்சு அந்தச் சொவத்துக்கு ஒரு படம் பண்ணிருவோம். மலையத் தாண்டி மொதமொதல்ல தண்ணி நம்ம பக்கம் வந்த காட்சி. நம்ம ஊரு உள்ள வரைக்கும் இருக்கணும்" என்றார். அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு யோசனை வந்ததே பெரிது. அதை நான் மறுக்கவில்லை. பெரியாற்றுத் தண்ணீர் வரவில்லை என்றால் இந்தப் பள்ளத்தாக்கில் நெல் ஏது, கூடலூரிலிருந்து சின்னமனூர் வரைக்கும் இந்தப் பச்சை ஏது? நீ கரிக்காரரைப் போலவே ஆரம்பித்தாய். திராட்சை அடைக்கிற ஷெட்டைக் காலிசெய்தோம். சுவரில் நேரடியாக வேண்டாம், துணியில் வரைந்து சட்டம் போட்டு மாட்டலாம் என்றாய். ஒவ்வொரு உருவத்துக்கும் உயிருள்ள ஆளை நிறுத்தி, முதலில் உடம்பை வரைந்து, பிறகுதான் துணி உடுத்த வேண்டும், கரிக்காரர் காலத்தில் அதுதான் முறை என்று சொல்லி ஊரையே ஷெட்டுக்குள் இழுத்தாய்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நீர்கட்டி காசி மாமாவைக் கோவணத்தோடு பெட்டி மேல் ஏற்றி, தோளில் மண்வெட்டியைக் கொடுத்து நிறுத்தியிருந்தாய். ஊர் வயலுக்கெல்லாம் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சியே இறுகிப்போன உடம்பு. கஞ்சி கொண்டுவந்த அவர் சம்சாரம் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏ மனுசா, பேரன் பேத்தி எடுத்த வயசுல ஒனக்கு இந்தக் கோலம் தேவையா?" என்றாள். காசி மாமா அசையவே இல்லை. "சும்மா இரு. நான் இங்கனயா நிக்கிறேன்? சரித்திரத்துல நிக்கிறேன்" என்றார். கம்பத்தில் திராட்சை மண்டி வைத்திருக்கும் ராவுத்தர் அண்ணன் வெள்ளைச் சட்டையோடு வந்து, "எனக்கு மட்டும் சட்டையோட ஒரு எடம் குடுப்பா, வீட்டுல பேச்சு வாங்க முடியாது" என்று கும்பிட்டார். தலைவரும் வந்து நின்றார், துண்டைச் சரிபண்ணிச் சரிபண்ணி. ஒவ்வொருவராகத்தான் வந்தார்கள். ஒவ்வொருவராக உன் முன்னால் நின்று, உன்னையே பார்த்தார்கள்.

படம் முடிந்து சங்கத்து ஆட்களைப் பார்க்கக் கூப்பிட்ட அன்று நடந்தது ஊருக்கே தெரியும். என்றாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தண்ணீர் திறக்கிற அன்றைக்கு மடையில் தேங்காய் உடைத்து, பூவும் நெல்லும் தூவுவார்கள். யார் முதலில் தூவுவது, யாருக்குப் பரிவட்டம், யாருக்குப் பின்னால் யார் நிற்பது என்பதற்கெல்லாம் வரிசை உண்டு. அரையடி முன்னால் நின்றதற்காக அண்ணன் தம்பி பேசாமல் போன குடும்பங்கள் உண்டு. நீயோ வெளிச்சம் எங்கே விழும், உடம்பு எங்கே எடுப்பாக இருக்கும் என்று பார்த்து, உயிரோடு இருக்கிறவர்கள் முகத்தையே போட்டு, காசி மாமாவை நட்டநடுவில் வெயிலில் நிறுத்திவிட்டாய். தலைவர் இடது ஓரத்தில், மரத்து நிழலில். இந்த ஊரில் பிறந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? நீ படமாக வரைந்தாய். வந்தவர்கள் அதை மரியாதை வரிசையாகப் படித்தார்கள். கால்வாயையோ மலையையோ ஒருத்தரும் பார்க்கவில்லை. ஆளாளுக்குத் தன் முகத்தைத் தேடினார்கள். "எங்கய்யா மாட்டுக்குப் பின்னாடி நிக்கிறாரு!" என்று ஒரு குரல். "பரிவட்டம் கட்டுறவுக ஓரத்துல நிக்கிறாக, மடை தொறக்குறவன் நடுவுல நிக்கிறானா?" என்று இன்னொரு குரல். தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். காசி மாமா உன் பக்கத்தில் வந்து, "எய்யா, என்னய ஓரத்துல தள்ளிரு. எனக்கு எங்கன நின்னாலும் ஒண்ணுதான்" என்றார். சரித்திரத்தில் நிற்கிறேன் என்று சொன்ன மனுஷன் அவர்.

அந்தச் சத்தத்தை அடக்கத்தான் நான் வாயைத் திறந்தேன். "நடுவுல யாரு நின்னா என்னப்பா? இதுல ஒருத்தருகூடத் தண்ணியப் பாக்கலையே!" என்றேன். எல்லோரும் அப்போதுதான் படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நிஜம்தான். தலைமுறை தலைமுறையாகக் காய்ந்து கிடந்த மண்ணுக்கு முதல் தண்ணீர் வருகிறது. காலடியில் ஓடுகிறது. நின்றவர்கள் அத்தனை பேரும் கல்யாண போட்டோவில் நிற்கிற மாதிரி நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவரின் ஆட்கள் பேசியபோதெல்லாம் நிமிர்ந்து நின்றவன், நான் பேசியதும் குனிந்துவிட்டாய்.

மறுநாள் நான் உத்தமபாளையத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், படம் குறுக்கும் நெடுக்குமாகக் கிழிந்து தொங்குகிறது. நீ பஸ் ஏறிவிட்டாய். பாண்டி தரையில் கிடந்த கவாத்துக் கத்தரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கத்தரியவும் மழுங்கடிச்சுப்புட்டுப் போயிட்டான்" என்றான். வெளியே போய்விட்டான். இப்போது நீ கோயம்புத்தூரில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பூப்போட்டுக்கொண்டிருக்கிறாய். இனிமேல் பிரஷ்ஷைத் தொடமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறாய். டைல்ஸ் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் வீட்டுக் குளியலறை அழகாக இருக்கட்டும். ஆனால் தொடமாட்டேன் என்ற சொல் இருக்கிறதே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உன் மதினி சொல்லுகிறாள், "அத்தே, ஒரு வார்த்த, தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லிருங்க. வந்துருவாரு" என்று. ராவுத்தர் அண்ணனும் அதையேதான் சொன்னார். நான் சொல்லமாட்டேன். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்துதான் சொன்னேன். சபையில் சொல்லியிருக்க வேண்டாம், தனியாகச் சொல்லியிருக்கலாம் என்பது வேறு. அதற்கு வேண்டுமானால் உன் வாயால் நாலு திட்டு வாங்கிக்கொள்கிறேன். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கமாட்டேன். பெற்றவள் பிள்ளை வரைந்ததெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தால், பிள்ளைக்கு அது சோறா, விஷமா? நீ சின்ன வயதில் பானை வரைந்து கொண்டுவந்தபோதே, "வாய் கோணிருக்கு, போய்த் திரும்ப வரை" என்றுதான் சொன்னேன். அழுதுகொண்டே போய் வரைந்துகொண்டு வந்தாய். அந்தப் பிள்ளை எங்கே போய்த் தொலைந்தான்?

ஊர் சொல்லுவதைக் கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. நம் ஷெட்டில் குலையைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன்னால் என்ன செய்கிறோம்? அழுகின பழத்தை மட்டும் கத்தரி நுனியால் எடுத்துவிட்டு, குலையைக் குலையாகவே வைக்கிறோம். நாலு பழம் அழுகியிருக்கிறது என்று குலையையே தூக்கி எறிந்தால் பிழைக்க முடியுமா? அன்றைக்கு அங்கே பேசியதில் தொண்ணூறு பங்கு அழுகல். யார் நடுவில், யார் ஓரத்தில் என்பது அழுகல். அதைக் கேட்டு நீ ஒரு விரற்கடைகூட நகர்ந்திருக்கக் கூடாது. நகரவும் இல்லை, அதற்காக உன்னைப் பற்றி எனக்குப் பெருமைதான். ஆனால் தண்ணீரை யாரும் பார்க்கவில்லை என்றது அழுகல் இல்லை. கரிக்காரரிடம் நிறம் சரியில்லை என்றவர்களில் எத்தனை பேர் பொறாமையில் சொன்னார்களோ, யாருக்குத் தெரியும்? அவர் அதற்குள்ளிருந்து நிஜத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதையும் நீயேதான் சொன்னாய். ரெண்டு பேரும் சொந்தப் படத்தை அழித்தவர்கள்தான். அவர் அழித்துவிட்டு வேறு துணியை இழுத்துக் கட்டினார். நீ அழித்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தாய். அவர் கதையை முக்கால்வாசி வாழ்ந்துவிட்டு, முக்கியமான கால்வாசிக்கு முன்னால் இறங்கிக்கொண்டாய்.

நீ சொல்லாமல் விட்ட ஒன்றையும் இப்போது உன்னிடம் கேட்கிறேன். பிற்காலத்தில் அந்த நகரத்துப் பழைய படங்களையெல்லாம் கவனிக்கிற பொறுப்பே அவர் கையில் இருந்தது என்றாயே. கிழிந்த படத்துக்குப் பின்னால் வேறு துணி ஒட்டி, விட்டுப்போன இடத்தில் வண்ணம் தொட்டு, பழையபடி ஆக்குகிற வித்தை அவர் அண்ணனுக்குக் கைவந்தது என்றாயே. அப்படியென்றால் அவர் தன் முதல் படத்தை ஒட்டுப்போட்டுத் திருத்தியிருக்கலாமே, ஏன் செய்யவில்லை? எனக்குத் தோன்றுவது இதுதான். ஒட்டுப்போட்ட படம் கண்ணுக்கு முன்னால் இருக்கிற வரைக்கும் கை பழைய வழியிலேயேதான் போகும். இது சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும். இதை நம்பித்தான் நான் முந்தாநாள் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

முந்தாநாள் காலையில் தலைவர் நாலு பேரோடு ஷெட்டுக்கு வந்தார். கூடவே மார்க்கையன்கோட்டையிலிருந்து போர்டு எழுதுகிற ஒருவரையும் கூட்டிவந்திருந்தார். நான், பாண்டி, காசி மாமா மூன்று பேரும் திராட்சைப் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தோம். தலைவர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "டீச்சரம்மா, சின்னவன் கோவத்துல கிழிச்சுட்டான். விடுங்க. நல்ல வேலப்பாடு, வீணாப் போகக் கூடாது. பின்னாடி துணி வச்சு ஒட்டிச் சொவத்துல ஏத்திருவோம்னு பாக்குறோம். தண்ணி தொறக்குற அன்னைக்கிக் கட்டடத் தெறப்பு" என்றார். அந்த போர்டு எழுதுகிறவர் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, ஒட்டிவிடலாம் என்றார். பிறகு நடுவில் விரலை வைத்து, "இங்கன ஒடம்பு சுத்தமா இருக்கு, முகத்துலதான் கிழிசல். ஒடம்பு அப்படியே இருக்கட்டும், முகத்த மட்டும் தலைவருதா மாத்திருவோம்" என்றார். தலைவர் இருமினார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

காசி மாமாவின் தோள், காசி மாமாவின் நெஞ்சு, காசி மாமாவின் மண்வெட்டி, அதற்கு மேலே தலைவர் தலை! கீழே மூலையில் உன் கையெழுத்து! தலைமுறை தலைமுறையாக நம் ஊரில் நடக்கிற கூத்தை இதைவிடச் சரியாக யாராலும் வரைய முடியாது. காசி மாமா கையில் சுத்தியலோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆணியில் மாட்டியிருந்த பெரிய கத்தரியை எடுத்தேன். பாண்டி, "ஏம்மா..." என்றான். நடுவிலிருந்தே ஆரம்பித்தேன். தடித்த துணி, கை வலித்தது. தலைவர், "டீச்சரம்மா, என்ன செய்யிறீக!" என்று ஓடி வந்தார். பாண்டி வந்து, எனக்கு வெட்டத் தோதாகத் துணியின் அந்தப் பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டான். காசி மாமாதான் மெதுவாகக் கேட்டார். "ஆத்தா, எம் மூஞ்சிய மட்டும் விட்டுரேன். வீட்டுல வச்சுக்கிறேன்." நான் விடவில்லை. "காசிண்ணே, ஒங்க மூஞ்சி ஒங்ககிட்டதான இருக்கு. அவன் வந்து பாத்துத் திரும்ப வரையட்டும்" என்று சொல்லிவிட்டு அதையும் வெட்டினேன். ஒட்டுப்போட ஒரு முழத் துணிகூட மிச்சமில்லாமல் வெட்டினேன்.

தலைவர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப சொவத்துக்கு என்ன பதிலு?" என்றார். "எம் மகன் வரைவான்" என்றேன். "வரலேன்னா?" என்றார். "வர்ற வரைக்கும் வெறுஞ்சொவரா இருக்கட்டும்" என்றேன். அவர் எழுந்து துண்டை உதறினார். "தண்ணி தொறக்குறதுக்குள்ள அவன் இங்கன வந்து கோடு போட்டிருக்கணும். இல்லேன்னா பிளக்ஸ் மாட்டிருவோம். அதுல எல்லாரு படமும் வரும், வரிசப்படி வரும்" என்றார். "யாரு நடுவுல நிக்கணும்னு அவன்கிட்ட யாரும் சொல்லக் கூடாது. அதுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். "மொதல்ல அவன் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சம்மதம் என்று அவர் சொல்லவில்லை. சம்மதமில்லை என்றும் சொல்லவில்லை. நம் ஊரில் அதுவே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

அவர்கள் போனபிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன், வாய்விட்டே அழுதேன். மாதக்கணக்கில் நீ முதுகு வளைய நின்று வரைந்தது அது. சாப்பிடக் கூப்பிட்டால் வராமல், சோற்றைப் பிசைந்து நான் ஊட்டிவிட்டு நீ வரைந்தது. காசி மாமாவின் அந்தத் தோளை எவ்வளவு அழகாக வரைந்திருந்தாய் என்று எனக்குத் தெரியாதா? கோபத்தில் அறுத்த மூக்கு சிரித்தால் வராது என்பார்கள். நீ அறுத்ததையாவது ஒட்டியிருக்கலாம். நான் அறுத்ததை யாராலும் ஒட்ட முடியாது. செய்தது சரிதானா என்று இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லாமலே துணிந்துதான் செய்தேன். கரிக்காரருக்கு மட்டும் அந்த நிமிஷத்தில் நிச்சயம் இருந்திருக்கும் என்றா நினைக்கிறாய்?

எப்படி வரைய வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். யாரை எங்கே நிறுத்துவாய், யார் முகம் தெரியும், யார் முதுகு தெரியும் என்பதெல்லாம் உன் பாடு. ஒன்று மட்டும் செய். ஆட்களை ஒவ்வொருவராக ஷெட்டுக்குள் கூப்பிட்டு நிறுத்தாதே. தலைவர் சொன்ன கெடுவுக்கு ஒரு கோடு மட்டும் போட்டுவைத்துவிட்டு, தண்ணீர் திறக்கிற அன்றைக்குக் கால்வாய்க் கரையில் போய் நின்று, அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பார். பிறகு உன் கரிக்காரர் முறைப்படியே செய், வேண்டாமென்றால் விட்டுவிடு. புதுத் துணி ராவுத்தர் அண்ணன் வாங்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டார். பாண்டி சட்டத்தில் இழுத்து ஆணி அடித்துவிட்டான். நான் முடிவெடுத்துவிட்டேன் என்றால் எடுத்ததுதான், உனக்கே தெரியும்.

உன்னைக் கேட்காமல் உன் படத்தை வெட்டினேன். உன்னைக் கேட்காமல் உன் பேரில் ஊருக்கு வாக்குக் கொடுத்தேன். ரெண்டுக்கும் உனக்குக் கோபம் வர வேண்டும். வராவிட்டால் நீ என் வயிற்றில் பிறந்தவனே இல்லை. தாராளமாகக் கோபப்படு. ஆனால் அங்கே உட்கார்ந்துகொண்டு படாதே. இங்கே வந்து, என் முகத்துக்கு நேரே நின்று கோபப்படு.